பனிமலை அடிவாரத்தில் யார் முதலில்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பனிச்சறுக்கு விடுமுறை பற்றி எழுதியிருந்தேன். சரிவில் விழாமல் இறங்குவது எப்படி என்று கேட்டுக் கடிதங்கள் குவியும் என எதிர்பார்த்தேன். வந்தவற்றில் முக்கால்வாசி, மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்ட்டுக்கு நிற்கிற வரிசையைப் பற்றியவை. கனடாவில் ஒரு குளிர்காலம் முழுக்கச் சேர்லிஃப்ட் (வடத்தில் தொங்கும் நாற்காலிகளில் உட்காரவைத்து மேலே கொண்டுபோகும் லிஃப்ட்) அடியில் நின்று ஆட்களை ஏற்றிவிட்டவன் நான். அதன்பிறகு இருபது வருடங்களாகப் பல நாட்டு வரிசைகளில் மிதிபட்டும் இருக்கிறேன். அந்தத் துணிச்சலில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பிரெஞ்சு ஆல்ப்ஸுக்கு முதல்முறையாகப் போனோம். லிஃப்ட் வாசலில் வரிசை என்ற ஒன்றே இல்லை. பின்னால் இருந்தவர் என் ஸ்கீயின் (காலில் மாட்டும் சறுக்குப் பலகை) மேல் ஏறி நின்றார். திரும்பிப் பார்த்தேன், அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இதுதான் முறையா?

முறை என்று கேட்டால் ஒரு பிரெஞ்சுக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் வழக்கம் அதுதான். நீங்கள் நின்றது வரிசையே அல்ல, புனல். அகலமான வாய் வழியாக நூறு பேர் ஒரே சமயத்தில் சரிந்து வருவார்கள். குறுகிய முனையில் அட்டையைப் படித்துத் திறக்கும் நான்கைந்து கதவுகள் இருக்கும். புனலில் யார் முதலில் வந்தார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது. யாருடைய ஸ்கீயின் நுனி முன்னால் இருக்கிறது என்பதற்குத்தான் கணக்கு. முன்னால் இருப்பவருக்கு மரியாதை கொடுத்து நீங்கள் ஒரு முழம் தள்ளி நின்றீர்கள் என்றால், பின்னால் இருப்பவர் கண்ணுக்கு அது காலி இடம்.

சவோயிப் பகுதியில் ஒரு பிப்ரவரிக் காலை. பள்ளி விடுமுறை வாரம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் என் இரண்டு ஸ்கீக்கும் நடுவே தன் ஒற்றை ஸ்கீயை நுழைத்தார். ஊசியில் நூல் கோப்பதுபோல அத்தனை நிதானம். பிறகு எடையை அதன்மேல் மாற்றினார். இரண்டாவது ஸ்கீ என் வலது பக்கம் வந்தது. அவ்வளவுதான், நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு இடி இல்லை, ஒரு முழங்கை இல்லை. அத்தனை நேரமும் அவர் தன் தோழியுடன் பேசிக்கொண்டேயிருந்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், கைதட்டத்தான் தோன்றியது.

அதே வாசலில் இன்னொன்றும் நடந்தது. நாற்காலிக்கு வந்ததும் லிஃப்ட் ஊழியர் (அங்கே 'பெர்ஷ்மான்' என்பார்கள்) என்னைக் கேட்காமலே ஒரு ஆறு வயதுப் பையனை என் பக்கத்தில் தூக்கி உட்காரவைத்தார். பயிற்சிப் பள்ளிக் குழந்தைகளைப் பெரியவர்களோடு ஒவ்வொருவராகப் பிரித்து ஏற்றுவது அங்கே வழக்கம். தடுப்புக் கம்பியை இறக்கிவிட்டு, அதற்கும் மேலாக அந்தப் பையனின் குறுக்கே கையை வைத்துக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தேன். அவன் காலை ஆட்டிக்கொண்டு ஏதோ பாடினான். அறிமுகமில்லாதவனின் ஸ்கீயை மிதிக்கத் தயங்காத கூட்டம், தன் குழந்தையை அறிமுகமில்லாதவனிடம் கொடுக்கவும் தயங்குவதில்லை.

உங்களுக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு ஸ்கீயையும் ஒட்டிவைத்து நில்லுங்கள். ஊன்றுகோல்களைப் பாதத்துக்குப் பக்கத்திலேயே ஊன்றுங்கள். முன்னால் அரைச் சாண் கிடைத்தாலும் நகருங்கள். முழங்கையைப் பயன்படுத்தாதீர்கள், அதை அங்கேயும் தப்பு என்றுதான் நினைப்பார்கள். மிதிபட்ட ஸ்கீயின் மேல்பூச்சில் கீறல் விழும். வழுக்குவது அடிப்பாகம் என்பதால் ஓட்டத்துக்குக் கேடு இல்லை.

கேள்வி: எந்த நாட்டு வரிசை சிறந்தது? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரியில் முடியாது. கொஞ்சம் கூட்டல் கழித்தல் செய்ய வேண்டும்.

நான்கு பேர் உட்காரும் சேர்லிஃப்ட் ஒன்று. ஆறு வினாடிக்கு ஒரு நாற்காலி வருகிறது என்று வையுங்கள். மணிக்கு 600 நாற்காலி, 2,400 பேர். அடியில் 600 பேர் நிற்கிறார்கள் என்றால் கடைசி ஆள் கால் மணி நேரத்தில் ஏறிவிடுவார். நாற்காலிக்கு ஓர் இடம் காலியாகப் போனால் இருபது நிமிடம். இரண்டிரண்டு பேராக மட்டும் ஏறினால் அரை மணி நேரம். கூட்டம் அதேதான், லிஃப்ட்டும் அதேதான். காத்திருப்பு இரண்டு மடங்கு.

இதில் லிஃப்ட்டின் வேகம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். வரவே வராது. கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் 1981-ல் வந்த முதல் அதிவேக நான்கிருக்கை லிஃப்ட் பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது. நிலையத்துக்குள் வரும்போது நாற்காலி வடத்தைவிட்டுக் கழன்று மெதுவாக நகரும். ஆளை ஏற்றியதும் மறுபடி வடத்தைக் கவ்விக்கொண்டு வினாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் பறக்கும். பழைய லிஃப்ட்டைப்போல இரண்டு மடங்கு வேகம். ஆனால் ஆறு வினாடிக்கு ஒரு நாற்காலி என்ற இடைவெளி மாறாதவரை மணிக்கு ஏறும் தலைகளின் எண்ணிக்கை மாறாது. சொல்லப்போனால் வேக லிஃப்ட்டில் வரிசை நீளும். முன்பு பத்து நிமிடம் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் ஐந்தே நிமிடத்தில் மேலே போய், சறுக்கி இறங்கி, மறுபடி உங்கள் முன்னால் வந்து நிற்பார்கள்.

ஆகவே நிற்பதில் ஒழுங்கா, நாற்காலியை நிரப்புவதில் ஒழுங்கா என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். நிற்பதில் என்றால் ஜப்பான். நிரப்புவதில் என்றால் அமெரிக்கா. என் ஓட்டு எப்போதும் நிரப்புகிறவர்களுக்கே.

கேள்வி: அமெரிக்காவில் லிஃப்ட் அடியில் 'ஆல்டர்னேட்' என்று ஒரு பலகை பார்த்தேன். விளங்கவில்லை.

மாறி மாறி என்று அர்த்தம். கயிறு கட்டிப் பிரித்த பல பாதைகள் ஒன்றாகச் சேரும் இடத்தில் அது இருக்கும். இடப்பக்கத்திலிருந்து ஒரு குழு, அடுத்து வலப்பக்கத்திலிருந்து ஒரு குழு. கவனியுங்கள், ஒரு ஆள் அல்ல, ஒரு குழு. நான்கிருக்கை என்றால் நான்கு பேர் சேர்ந்த குழு. இரண்டு பாதை ஒன்றாகி, அது இன்னொரு இரட்டைப் பாதையோடு சேர்ந்து, நாற்காலிக்கு வரும்போது ஒன்றே ஒன்று மிஞ்சும். தவறினால் ஊழியர் வாய் திறக்க வேண்டியதில்லை. பின்னால் இருப்பவர்களே 'ஆல்டர்னேட்!' என்று குரல் கொடுப்பார்கள். குரல் சிரித்த முகத்தோடுதான் வரும். இரண்டாவது முறை சிரிப்பு இருக்காது.

என் கனடா வேலையிலும் இதே முறைதான். அந்த லிஃப்ட் பழையது, வடத்தைவிட்டுக் கழலாத வகை. நாற்காலி பின்னங்காலில் வந்து அறையாமலிருக்க ஒவ்வொன்றையும் கையால் பிடித்து ஒரு கணம் நிறுத்திக்கொடுக்க வேண்டும். நாள் முழுக்கச் செய்தால் இரவில் தோள்பட்டை தனியாகக் கழன்று கிடக்கும். அந்த வேலையில் எனக்குப் பொறுக்காதது வரிசையில் நுழைகிறவர்கள் அல்ல. வாசல் வரைக்கும் பேசாமல் வந்துவிட்டு, நாற்காலி வரும்போது "நீ அவளோடு உட்கார், நான் இவனோடு வருகிறேன்" என்று மாநாடு நடத்தும் குடும்பங்கள்தான். கண்ணெதிரே மூன்று நாற்காலி வெறுமையாகப் போகும். யார் யாரோடு என்பதைக் கயிற்றுப் பாதையிலேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். நாற்காலியில் நான்கு இடம்.

மூன்று, இரண்டு என்று பிரிந்து, இரண்டு நாற்காலியிலும் வெளியாட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் சேர்ந்து போய் ஒருவரைத் தனியே விடுவதானால், அந்த ஒருவர் பெரியவராக இருக்கட்டும். எட்டு வயதுக் குழந்தையை 'அடுத்ததில் வா' என்று விட்டுவிட்டு ஏறிப்போன ஒரு தகப்பனை நான் பார்த்திருக்கிறேன். லிஃப்ட்டை நிறுத்தினேன்.

கேள்வி: தனி ஆட்களுக்கான வரிசை வேகமாக நகர்கிறது. நானும் கணவரும் அதில் நின்று, வாசலில் சேர்ந்து ஏறிக்கொண்டால் என்ன?

பிடிபடுவீர்கள். அந்த வரிசை வேகமாக நகர்வதற்குக் காரணமே, மற்றவர்கள் விட்டுவைத்த ஒற்றை இடங்களை அது அடைக்கிறது என்பதுதான். சேர்ந்து ஏற வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுக்கொடுத்ததற்குக் கிடைக்கும் சலுகை அது. சலுகையையும் வாங்கிக்கொண்டு நிபந்தனையையும் வைத்துக்கொள்ள முடியாது. தனித்தனியே ஏறி உச்சியில் சந்தித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடப் பிரிவு, தாங்கும்.

தனி வரிசையே இல்லாத சிறிய மலைகளில் அமெரிக்கர்கள் ஒரு விரலைத் தூக்கி 'சிங்கிள்?' என்று கூவுவார்கள். மூன்று பேர் குழு ஒன்று கையாட்டிக் கூப்பிடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: நண்பருக்காக வரிசையில் இடம் பிடித்து வைக்கலாமா?

கையுறை மாட்டிக்கொண்டு பின்தங்கிய ஒருவருக்கு, சரி. காலை உணவு முடித்துப் பிறகு வரப்போகும் ஆறு பேருக்கு, கிடையாது. முந்தைய இரவு பனி கொட்டியிருந்தால் அந்த ஒருவருக்கும் கிடையாது. அன்றைக்கு முதல் லிஃப்ட்டுக்கு இருட்டோடு வந்து நிற்பவர்களிடம் நட்பு, உறவு எதுவும் செல்லாது.

கேள்வி: ஜப்பானில் நான்கு பேர் நாற்காலியில் ஒருவரே உட்கார்ந்து போனதைப் பார்த்தேன். பின்னால் நீள வரிசை. யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் போய் அவருடன் உட்கார்ந்திருக்கலாமா?

உட்கார்ந்திருக்கலாம், யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கொஞ்சம் ஓரமாக ஒதுங்கியிருப்பார், அவ்வளவுதான்.

ஹொக்கைடோவில் எனக்கு நடந்தது நினைவுக்கு வருகிறது. வயதான ஊழியர் ஒருவர், கையில் சின்னத் துடைப்பம். ஒவ்வொரு நாற்காலி வரும்போதும் இருக்கையில் படிந்த பனியை இரண்டு வீச்சில் கூட்டித் தள்ளிவிட்டு, ஏறுபவரைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். எனக்கும் தாழ்த்தினார். மொத்தம் நான்கு இடம், நான்கையும் கூட்டியிருந்தார், உட்கார்ந்தது நான் ஒருவன். பின்னால் திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருவர், இருவர். வரிசையில் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. அடுத்தவர் ஸ்கீயின் வால் நுனிக்கும் என் நுனிக்கும் நடுவே எப்போதும் ஒரு முழம் இருந்தது. அழகுதான். ஆனால் கனடாவில் நாற்காலி பிடித்துக்கொடுத்தவனுக்கு, வெறுமையாக மேலே போகும் ஒவ்வொரு இடமும் திறந்துவிட்ட குழாயில் ஓடும் தண்ணீர்போலத்தான் தெரியும்.

கூட்டம் மிகுந்தால் ஊழியர்களே ஆள் சேர்த்து அனுப்புவதும் உண்டு. இல்லாவிட்டால் ஒரு விரல் காட்டி, லேசாகத் தலை குனிந்து, பதிலுக்குத் தலையசைப்பு வந்ததும் பக்கத்தில் போய் நில்லுங்கள். கூவ வேண்டாம்.

கேள்வி: ஒற்றை ஆள் நாற்காலி எங்காவது உண்டா? யாரோடும் பேச வேண்டிய தொல்லை இருக்காதே!

ஆரம்பமே அதுதான். உலகின் முதல் சேர்லிஃப்ட் 1936-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் சன் வேலியில் ஓடியது. யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பொறியாளர் ஜேம்ஸ் கரன் வடிவமைத்தது. அவர் முன்னர் கப்பல்களில் வாழைத்தார் ஏற்றும் கொக்கி வடங்களை அமைத்தவர்; கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியை மாட்டினார். ஒரு கொக்கிக்கு ஒரு தார், ஒரு நாற்காலிக்கு ஒரு ஆள்.

இன்றும் வேண்டுமானால் வெர்மான்ட் மாநிலத்தின் மேட் ரிவர் க்ளெனுக்குப் போங்கள். 1948-ன் ஒற்றை நாற்காலி லிஃப்ட். சறுக்குபவர்களே கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து நடத்தும் மலை அது. 2007-ல் புதுப்பித்தபோதும் இரட்டையாக மாற்றாமல் ஒற்றையாகவே வைத்துக்கொண்டார்கள். யார் யாரோடு என்ற பேச்சே அங்கே எழாது. வரிசை மட்டும் மெதுவாக நகரும்; நீங்கள்தான் ஆசைப்பட்டீர்கள்.

கேள்வி: பயிற்சியாளர்கள் மாணவர்களோடு பக்கவாட்டில் புகுந்து முன்னால் போகிறார்கள். பணம் எல்லாரும்தானே கொடுக்கிறோம்?

பயிற்சி வகுப்புகளுக்கு முன்னுரிமைப் பாதை பல நாடுகளில் உண்டு. பிரான்சில் சிவப்புச் சட்டைப் பயிற்சியாளர் பின்னால் வாத்துக் குஞ்சுகள்போல வரும் குழந்தைகளை எந்தப் புனலும் வழிவிட்டு அனுப்பும். அந்தக் குழந்தைகளைப் புனலுக்குள் விட்டுப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

பணம் கொடுத்து முந்துவது வேறு சங்கதி. பவுடர் என்ற அமெரிக்க நிறுவனம் 2021-ல் தன் நான்கு மலைகளில், நாளொன்றுக்கு 49 டாலரிலிருந்து, வேகப் பாதை விற்கப்போவதாக அறிவித்தது. அந்த நான்கில் ஒன்றான ஆரிகனின் மவுன்ட் பேச்சலர் இருப்பது அரசுக்குச் சொந்தமான வன நிலத்தில். அந்த மாநில செனட்டர் ரான் வைடன் பகிரங்கமாகவே எதிர்த்தார். கேளிக்கைப் பூங்காக்களில் எப்போதும் இருப்பதுதானே என்று நிறுவனத்துக்காகப் பேசுபவர்கள் சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. மாறி மாறி என்ற முறை ஓடுவதற்குக் காரணம் அது எல்லாருக்கும் ஒரே மாதிரி ஓடுகிறது என்பதுதான். நடுவில் ஒரு கல்லாப்பெட்டியை வைத்தால், பின்னால் நிற்பவன் கயிற்றை மதிப்பதற்கு என்ன காரணம் மிச்சம்?

கேள்வி: உலகம் முழுவதற்கும் பொதுவான வரிசை விதி ஏதும் இல்லையா?

இல்லை. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் பத்து விதிகள் 1967-லிருந்து இருக்கின்றன. முந்துவது, நிற்பது, ஏறி நடப்பது, விபத்தில் உதவுவது எல்லாம் உண்டு. எல்லாம் சரிவுக்கு. லிஃப்ட் வரிசைக்கு ஒரு சொல் கிடையாது.

சில இடங்கள் சொந்தமாக வழி கண்டிருக்கின்றன. பிரான்சின் சாமொனியில் 3,842 மீட்டர் உயர எக்வீ டு மிடி சிகரத்துக்கு ஏறும் ரோப்காரில் கூட்டம் சேர்ந்தால், டிக்கெட்டோடு எண் ஒன்று தருவார்கள். உங்கள் எண்ணைக் கூப்பிட்டால் போய் ஏறலாம், அதுவரை வெயில் காயலாம். புனல் நாட்டிலேயே இப்படி ஒன்று!

கேள்வி: டி-பாரில் என்னோடு ஏறியவர் என்னைவிட ஒரு அடி உயரம். இருவரும் விழுந்தோம். யார் தவறு?

ஜோடி சேர்ந்ததுதான் தவறு. வடத்தில் தொங்கும் நங்கூரம்போன்ற அந்தக் கட்டை, ஸ்கீயில் நிற்கும் இருவரின் தொடைக்குப் பின்னால் நின்று மேலே தள்ள வேண்டும் (ஸ்வீடனில் அதை நங்கூர லிஃப்ட் என்றே சொல்கிறார்கள்). உயரம் ஒத்துவராவிட்டால் ஒருவருக்கு முழங்கால் மடிப்பில், மற்றவருக்கு இடுப்பில். வரிசையில் நிற்கும்போதே உங்கள் உயரத்தில் ஒருவரைக் கண்ணால் தேடி வையுங்கள்; குடும்பப் பாசம் அங்கே உதவாது. உட்கார முயலாதீர்கள். விழுந்தால் உடனே தடத்தைவிட்டு உருண்டு விலகுங்கள், அடுத்த ஜோடி வந்துகொண்டிருக்கிறது.

இரண்டு பேருக்கே இந்தப் பாடு என்றால் சிலி நாட்டின் போர்ட்டில்லோவைக் கேளுங்கள். பனிச்சரிவு அடித்துப்போகும் செங்குத்தில் தூண் நட முடியாததால், நடுவில் தூணே இல்லாத ஒரு லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். ஐந்து பேர் தோளோடு தோள் நின்று, ஆளுக்கொரு வட்டுத் தட்டைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டால், ஒரே இழுப்பில் மேலே. உச்சியில் ஒருவர் பின் ஒருவராக விட வேண்டும். முன்பின் தெரியாத ஐந்து பேரும் கீழேயே அதைப் பேசிக்கொள்வார்கள். உலகிலேயே அந்நியர்கள் அதிகம் பேசும் வரிசை அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் வரிசையை ஏய்த்ததே இல்லையா?

ஒரு முறை. இத்தாலியின் டோலமைட் மலைகளில் செல்லா மலைத்தொகுதியைச் சுற்றி நான்கு கணவாய்களைக் கடந்து வரும் செல்லா ரோண்டா வட்டம் இருக்கிறது. நான் பச்சைப் பலகை வழி, அதாவது இடஞ்சுழியாக, செல்வாவிலிருந்து கிளம்பினேன். கொல்ஃபோஸ்கோவுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கார்டேனா கணவாய்க்கு ஏறும் கொண்டோலா (மூடிய பெட்டி லிஃப்ட்) நின்றுவிட்டால், மலையைச் சுற்றி டாக்சியில்தான் வீடு திரும்ப வேண்டும். முன்னால் நல்ல கூட்டம். சாமர்த்தியமாக ஏய்ப்பவனை இத்தாலியர்கள் 'ஃபுர்போ' என்பார்கள். திட்டுவதுபோலச் சொன்னாலும் அதில் பாதி மெச்சுதல் இருக்கும். அந்த மெச்சுதலை நம்பி, கயிற்றுக்கு அடியில் குனிந்து நடுவில் புகுந்தேன்.

எனக்குப் பின்னாலிருந்த பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஊன்றுகோலை நீட்டி என் ஸ்கீயின் நுனிக்குக் குறுக்கே வைத்தார். தன் கைக்கடிகாரத்தை என்னிடம் காட்டினார். அதே கடிகாரக் கையால் வரிசையின் கடைசியைக் காட்டினார். பிறகு, நான் மறுபடி குனிய வேண்டாம் என்று, கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

கொண்டோலா கிடைத்தது. கணவாயில் இறங்கியபோது அந்தப் பெரியவர் ஓரமாக நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஷூவின் கொக்கியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.